வெளிநாட்டு மிஷன் மருத்துவமனையில் சிஎம்இ: புள்ளிக் கணக்கும் வார்டு கணக்கும்

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமப்புற மிஷன் மருத்துவமனைக்கு இரண்டு, மூன்று ஆண்டு வேலைக்குப் போகும் மருத்துவர் இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தொடர் மருத்துவக் கல்விக்காக (சிஎம்இ) ஊரில் இருக்கும் மருத்துவக் கவுன்சிலுக்குக் காட்டும் புள்ளிக் கணக்கு. மற்றது வார்டு கணக்கு: இங்கே யார் எதனால் இறக்கிறார்கள், நமக்கு எது தெரிந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் புள்ளிதான் ஜெயிக்கும். இரவு பத்து மணிக்கு நெட் கிடைக்கும்போது, எந்த வீடியோவுக்குச் சான்றிதழ் தருவார்களோ அதைத்தான் கை தேடும். ரோபோ அறுவை பற்றி இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, மறுநாள் காலை குழந்தைக்குப் பழையபடியே ட்ரிப் ஏற்றுவோம்.

அந்த ட்ரிப்பையே எடுத்துக்கொள்வோம். கடும் காய்ச்சலோடு கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்குச் சலைனை வேகமாக ஏற்று என்றுதான் எல்லோரும் படித்தோம். உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. 3,141 குழந்தைகள். வேகமாகத் திரவம் ஏற்றிய இரு குழுக்களிலும் 48 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள்; வேகமாக ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். (வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு வழக்கமான முறைதான்.) ஸாம்பியாவின் லுசாக்காவில் பெரியவர்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது. செப்சிஸோடு (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) ரத்த அழுத்தம் இறங்கி வந்தவர்கள், பெரும்பாலோர் எச்ஐவி தொற்றுள்ளவர்கள். திரவமும் அழுத்தம் ஏற்றும் மருந்தும் கொண்ட தீவிர நெறிமுறையில் 48.1 சதவீதமும், வழக்கமான சிகிச்சையில் 33 சதவீதமும் இறந்தனர். வென்டிலேட்டரும் ஐசியுவும் பின்னால் நிற்கும் ஊரில் எழுதிய பாடம், அவை இல்லாத வார்டில் ஆளைக் கொல்லவும் கூடும். அதனால் வெளிநாட்டு மிஷன் மருத்துவருக்கு சிஎம்இ என்றால் முதல் கேள்வி "எத்தனை கிரெடிட்?" அல்ல, "இது எந்த மாதிரி மருத்துவமனையில் சோதித்தது?" என்பதுதான்.

புறப்படும் முன் முடிக்க வேண்டிய காகித வேலை

புள்ளிக் கணக்கை முதலில் ஒழித்துவிடுவோம். அது சிறிய வேலை. ஆனால் விட்டுவிட்டால் திரும்பி வரும்போது ஆறு மாதம் சும்மா உட்கார வைக்கும்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் 5 ஆண்டுக்கு 30 மணி நேர சிஎம்இ கேட்கின்றன. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் பதிவைப் புதுப்பிக்கும்போது இந்தக் கணக்கு வரும். 30 மணி நேரம் பெரிதல்ல. சிக்கல் வேறு: நிகழ்ச்சிக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். நைரோபியில் மூன்று நாள் கருத்தரங்கில் உட்கார்ந்தது தானாகவே ஊரில் கணக்கில் ஏறாது. எனவே கிளம்பும் முன்பே ஊரில் ஒரு பகுதியை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிகழ்ச்சிக்கும் இணையவழி வகுப்புக்கும் என்னென்ன ஆவணம் கேட்பார்கள் என்று கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் யாரோ "பரவாயில்ல சார், பாத்துக்கலாம்" என்றது ஆவணம் ஆகாது.

பிரிட்டனில் பதிவு வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு. 2012 டிசம்பரில் வந்த ரீவேலிடேஷன் (தகுதியை மறுபடி உறுதிசெய்தல்) முறையில் ஆண்டுக்கொரு மதிப்பீடு, 5 ஆண்டுக்கொரு முடிவு. ராயல் கல்லூரிகள் எனப்படும் சிறப்பு மருத்துவர் அமைப்புகள் பொதுவாக ஆண்டுக்கு 50 சிபிடி (தொடர் தொழில் மேம்பாடு) புள்ளி எதிர்பார்க்கின்றன. வெளிநாட்டில் மட்டும் வேலை செய்பவர் பதிவை வைத்துக்கொண்டு, தொழில் செய்யும் உரிமத்தை மட்டும் ஒப்படைத்துவிடலாம். திரும்பும்போது மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு மேல் தங்கப் போகிறவருக்கு இதுவே நிம்மதி. இரண்டே ஆண்டு என்றால் உரிமத்தை விடாமல், தொலைவிலிருந்தே மதிப்பீடு செய்ய ஒப்புக்கொள்ளும் ஒருவரை முன்கூட்டியே பிடித்து வைப்பது நல்லது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்: கலிபோர்னியா 2 ஆண்டுக்கு 50 மணி நேரம் கேட்கிறது. அங்கே முதல் வகை கிரெடிட்டை அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே தர முடியும். படித்தது, நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்தது போன்றவற்றை இரண்டாம் வகையாக நீங்களே எழுதிக்கொள்ளலாம், ஆனால் பல இடங்களில் முதல் வகைதான் செல்லும்.

போகும் நாட்டின் கவுன்சிலையும் மறக்கக் கூடாது. கென்யாவில் ஆண்டு உரிமம் புதுப்பிக்க 50 புள்ளி வேண்டும். மருத்துவமனைக்குள் நடக்கும் வாராந்திரக் கூட்டத்தையே புள்ளிக்குப் பதிவு செய்ய முடியுமா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். முடிந்தால் வார்டு கணக்கில் செய்யும் வேலை புள்ளிக் கணக்கிலும் சேரும்.

காகிதத்தில் நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். பதிவுச் சான்றிதழில் ஒற்றை எழுத்து. எம்பிபிஎஸ் பட்டத்தில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள் என்று ஆப்பிரிக்க அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு எப்படித் தெரியும்? நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நான்கு நகல் கையில் வைத்திருங்கள். சிஎம்இ சான்றிதழ் எதற்குப் பதிவு செய்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே, ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். நன்னடத்தைச் சான்றிதழ் சில மாதமே செல்லும். சீக்கிரம் வாங்கிவிட்டால் விசா வருவதற்குள் காலாவதியாகிவிடும். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்னும் உயிர்காப்புப் பயிற்சி அட்டைகள் 2 ஆண்டு செல்லும். கிளம்பும் மாதத்தில் எடுங்கள். எல்லாக் கணக்குக்கும் சொந்த மின்னஞ்சல் முகவரி. பழைய மருத்துவமனை கொடுத்த முகவரியில் சான்றிதழ்களைச் சேர்த்து வைத்தால் வேலையை விட்ட அன்றே பூட்டிவிடுவார்கள்.

என்ன படிப்பது என்பதை ரெஜிஸ்டர் சொல்லும்

போய்ச் சேர்ந்த முதல் மாதம் எந்த வகுப்பிலும் சேர வேண்டாம். நான்கு ரெஜிஸ்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரசவ அறை, குழந்தைகள் வார்டு, தியேட்டர், வெளியே அனுப்பிய நோயாளிகள். கடந்த மூன்று மாதப் பக்கங்கள் போதும். ஒரு தாளில் நான்கு கட்டம்: வயது, வந்தபோது என்ன சொன்னார்கள், முடிவு, வந்ததிலிருந்து எத்தனை மணி நேரத்தில் முடிவு. கடைசிக் கட்டம்தான் முக்கியம். வந்த ஆறு மணி நேரத்துக்குள் நடக்கும் மரணங்கள் அவசர சிகிச்சையையோ தாமதமாக வந்ததையோ சொல்லும்; மூன்றாம் நாள், நான்காம் நாள் மரணங்கள் இரவு டியூட்டிக் கண்காணிப்பைச் சொல்லும். காரணம் வேறு, பாடமும் வேறு.

ரெஜிஸ்டரில் எழுதியிருக்கும் நோய்ப் பெயரை அப்படியே நம்பக் கூடாது. காய்ச்சலோடு வந்தவை எல்லாம் "மலேரியா" என்றும், பிறந்த அன்றே போன குழந்தைகள் சில "பிறக்கும்போதே இறந்தது" என்றும் பதிவாகியிருக்கும். இரண்டாவதில் அழாத, ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருந்த குழந்தைகளும் இருக்கலாம். பிரசவம் பார்த்த நர்ஸிடம் தனியாக, குற்றம் சாட்டும் குரல் இல்லாமல் கேட்டால் தெரியும்.

இதிலிருந்து ஆண்டுக்கு மூன்றே தலைப்பு எடுங்கள். பெரும்பாலும் பட்டியலில் வருபவை: பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, மூச்சுவிடாத பச்சிளங்குழந்தை, கடும் மலேரியா, செப்சிஸ், சிசேரியனுக்குப் பின் தொற்று. பத்துத் தலைப்பு எடுத்தால் ஒன்றும் நடக்காது.

நெட் இல்லாத இடத்தில் நூலகம்

உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி, ஏழை நாட்டு நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்களைத் திறந்துவிடுகிறது. மலாவி, தான்சானியா போன்ற நாடுகளில் இலவசம். தனிநபர் சேர முடியாது. மருத்துவமனையோ செவிலியர் பள்ளியோ நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், எப்போதோ யாரோ பதிவு செய்திருப்பார்கள், கடவுச்சொல் அவரோடேயே போயிருக்கும். புதிதாகப் பதிவதற்கு முன் பழைய பதிவு இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் (எம்எஸ்எஃப்) மருத்துவ வழிகாட்டிகள் இலவசம், போனில் இறக்கிவிட்டால் நெட் வேண்டாம், வசதி குறைந்த மருத்துவமனைக்காகவே எழுதியவை. கையில் ஒன்றுதான் இருக்க வேண்டுமென்றால் அதுதான். நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் விக்கிபீடியாவின் மருத்துவப் பகுதியை மொத்தமாக இறக்கலாம். நர்ஸ்கள் போனுக்கும் மெமரி கார்டில் மாற்றிக் கொடுக்கலாம். பெரிய கோப்புகளை மருத்துவமனை நெட்டில் இறக்க முயலாதீர்கள். மாவட்டத் தலைநகருக்குப் போகும் நாளில் முடியுங்கள்.

எந்த வழிகாட்டியை அச்சிட்டாலும் மூலையில் தேதி இருக்கட்டும். கடும் மலேரியாவுக்கு எல்லோருக்கும் ஆர்ட்டிசுனேட் கிலோவுக்கு 2.4 மி.கி. என்று சுவரில் ஒட்டிய தாள் பல வார்டுகளில் இன்னும் தொங்குகிறது. 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே மாற்றிவிட்டது. பிரசவ வரைபடமும் அப்படியே: 2020இல் வந்த புதிய பிரசவப் பராமரிப்புத் தாளில் தீவிரப் பிரசவம் கர்ப்பப்பை வாயின் 5 செ.மீ. விரிவில் தொடங்குகிறது, பழையதில் 4. பழைய தாளைக் கிழிக்காமல் புதியதை ஒட்டினால் இரவு டியூட்டிக்காரர் எதைப் பார்ப்பார்?

வாட்ஸ்அப்பில் சிறப்பு மருத்துவரிடம் கேட்பது எல்லோரும் செய்வது; நல்லதும்கூட. நோயாளியின் முகம், பெயர், எக்ஸ்ரேயின் மூலையில் உள்ள எண் ஆகியவற்றை மறைத்த பிறகு அனுப்புங்கள். உங்கள் ஊரில் இருக்கும் நண்பர் பரிந்துரைக்கும் மருந்து இங்கே கிடைக்காது என்பதால், கேள்வியோடு மருந்தகத்தில் என்ன இருக்கிறது என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புவது நேரம் மிச்சம்.

பொம்மையும் ஆம்பு பையும்: வாரத்துக்கு ஐந்து நிமிடம்

தான்சானியாவில் ஹைடம் என்ற லூத்தரன் மருத்துவமனையில் நடந்ததை மிஷன் மருத்துவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சுவிடாத குழந்தையைக் காப்பாற்ற உதவும் 'ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்' பயிற்சியை அங்கே ஒரு நாள் வகுப்பாக நடத்தினார்கள். பொம்மையில் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். ஆனால் பிரசவ அறையில் எதுவும் மாறவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. பிறகு அதே பயிற்சியைப் பணியிடத்திலேயே அடிக்கடி, சில நிமிடம் மட்டும் செய்தார்கள். 24 மணி நேரத்துக்குள் நிகழும் குழந்தை மரணம் குறைந்ததை 2015 ஆய்வு காட்டியது. பாடம் ஒன்றே. ஒரு நாள் வகுப்பு பொம்மையோடு நின்றது. பணியிடத்தில் சில நிமிடம் செய்த பயிற்சி பிரசவ அறைக்கு வந்தது.

எப்படி நடத்துவது: பொம்மை வகுப்பறையில் அல்ல, பிரசவ அறையிலேயே, குழந்தையைக் கிடத்தும் மேசைமேல் இருக்க வேண்டும். நியோநட்டாலி பொம்மைக்குள் சுமார் 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் உண்மையான கனமும் தளர்ச்சியும் வரும். காற்று மட்டும் ஊதிப் பழகினால் கை பொய்யான எடைக்குப் பழகிவிடும். டியூட்டி மாறும் நேரத்தில் இருவர், ஐந்து நிமிடம். ஒருவர் செய்ய, மற்றவர் கடிகாரம் பார்க்க.

வரிசை இது. நன்றாகத் துடை, ஈரத் துணியை எடுத்துவிட்டு உலர்ந்த துணியில் சுற்று. முதுகைத் தேய். அழவில்லையா, பிறந்து ஒரு நிமிடம் முடிவதற்குள் ஆம்பு பையை (மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் பை) அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மார்பு ஏறுகிறதா என்று பார்.

தவறுகள் எங்கே வரும் என்று பார்ப்போம், அங்கேதான் குழந்தை போகிறது. உறிஞ்சும் குழாயோடு போராடி அந்த ஒரு நிமிடத்தையும் தொலைப்பது முதல் தவறு. வாயை அடைத்துக்கொண்டு எதுவும் இல்லையென்றால் உறிஞ்ச வேண்டாம். இரண்டாவது, மாஸ்க்கின் விளிம்பில் காற்று கசிவது. மாஸ்க் தாடை நுனியிலிருந்து மூக்கின் மேல்பகுதி வரை மூட வேண்டும், கண்ணில் படக் கூடாது; நிறைமாதக் குழந்தைக்கு 1ஆம் எண், குறைமாதத்துக்கு 0. பதற்றத்தில் மாஸ்க்கை முகத்தில் அமுக்குகிறார்கள். அமுக்கினால் தாடை கீழே போய்க் காற்றுவழி மூடும். தாடையை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொண்டுவருவதுபோல் பிடிக்க வேண்டும். கழுத்து அதிகம் பின்னால் சாய்ந்தாலும் மூடும், லேசாக நிமிர்ந்தால் போதும். மார்பு ஏறவில்லையென்றால் மாஸ்க்கைத் திரும்ப வை, தலையைச் சரிசெய், வாயைத் துடை, வாயைச் சற்றுத் திற, பிறகு கொஞ்சம் அழுத்தமாகப் பிசை.

மூன்றாவது தவறு யாருடைய கையிலும் இல்லை, பையில் இருக்கிறது. கிருமிநீக்கத்துக்குப் பையைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வால்வு தண்ணீரோடு போய்விடும், அல்லது தலைகீழாக மாட்டப்படும். பார்க்கப் பை நன்றாகவே இருக்கும். அழுத்தினால் காற்று குழந்தைக்குப் போகாது. அதனால் ஒவ்வொரு டியூட்டித் தொடக்கத்திலும் மாஸ்க்கை உள்ளங்கையில் இறுக வைத்து அழுத்திப் பாருங்கள். கையில் அழுத்தம் தெரிய வேண்டும். பலமாக அழுத்தினால் பாதுகாப்பு வால்வு "புஸ்" என்று திறக்க வேண்டும். இந்த இரண்டு விநாடிச் சோதனையைப் பதிவேட்டில் ஒரு டிக் ஆக்கினால், அதுவே உங்கள் மருத்துவமனையின் மிக மலிவான சிஎம்இ.

ரத்தப்போக்குக்கும் இதே பாணி. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023இல் வந்தது. பிரசவத்துக்குப் பின் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்து, கர்ப்பப்பை மசாஜ், ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து), டிரானெக்ஸாமிக் அமிலம் (ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து), நரம்புவழித் திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு முதலான மோசமான விளைவுகள் 4.3 சதவீதத்துக்கு எதிராக 1.6 சதவீதம். ரத்தப்போக்கைக் கண்டுபிடித்ததும் 51 சதவீதத்திலிருந்து 93 ஆனது. கண்ணால் பார்த்து "அவ்வளவு ஒன்றும் போகல" என்று சொல்வதுதான் பாதி நோய். பயிற்சிக்கு ஒரு பக்கெட் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து துணியில் ஊற்றி, எவ்வளவு என்று எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். விடைகள் ஒன்றுக்கொன்று சேராது. அதன்பின் விரிப்பின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பிரசவமான 3 மணி நேரத்துக்குள்; மருந்து மருந்தகத்தில் பூட்டியிருந்தால் பயிற்சி வீண், பிரசவ அறைப் பெட்டியில் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமைக் கூட்டம்

வாரம் ஒரு முறை, 45 நிமிடம், ஒரே ஒரு கேஸ். இறந்தவரோ, இறக்காமல் தப்பியவரோ. கேஸ் ஷீட்டை வைத்து மணிவாரியாக எழுதுபவர் மருத்துவராக இருக்க வேண்டாம்; கிளினிக்கல் ஆபிசரோ (மருத்துவப் பட்டம் இல்லாமல் சிகிச்சை பார்க்கப் பயிற்சி பெற்றவர்) நர்ஸோ எழுதினால்தான் உண்மை வரும். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது என்பது விதி. ஆனால் விதி சொன்னால் போதாது: முதல் மாதக் கேஸ்களில் ஒன்று உங்கள் கையில் போனதாக இருக்கட்டும், பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு மாற்றம், யார் செய்வார், எந்தத் தேதிக்குள். அடுத்த வாரக் கூட்டம் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மொழி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆங்கிலத்தில் நடத்தினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஸ்வாஹிலியில் நடத்தினால் கேள்வி வரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், அதற்கென்று நூல்களையும் தமிழில் ஆக்கினார். இங்கே மொழி உங்களுக்கு வரவில்லையென்றால் ஒரு நர்ஸ் கூடவே மொழிபெயர்க்கட்டும். பயிற்சிச் சொற்களை முன்னாலேயே அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

வெளியே போய்ப் படிப்பது

ஆண்டுக்கொரு முறை போதும். அமெரிக்கக் கிறிஸ்தவ மருத்துவர் அமைப்பான சிஎம்டிஏ, மிஷன் மருத்துவர்களுக்கென்றே கென்யாவிலும் தாய்லாந்திலும் கருத்தரங்குகள் நடத்தி வந்திருக்கிறது. முதல் வகை கிரெடிட்டும் உண்டு. அறுவைத் துறையில் 1996இல் தொடங்கிய பாக்ஸ் அமைப்பு ஆப்பிரிக்க மருத்துவர்களை மிஷன் மருத்துவமனைகளிலேயே அறுவை நிபுணர்களாக்குகிறது. அருகில் அப்படி ஒரு மையம் இருந்தால் இரண்டு வாரம் அங்கே தியேட்டரில் நிற்பது எந்த மாநாட்டையும்விட மேல். தேர்ந்தெடுக்கும்போது உரைகளை விட்டுக் கைப்பயிற்சியைப் பாருங்கள்: அல்ட்ராசவுண்ட், கீட்டமின் மயக்கம், எலும்பு முறிவுக் கட்டு. உரையைப் பிறகும் கேட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் போகும் வாரம் யார் பார்ப்பது என்பதுதான் பெரும்பாலும் பயணத்தைக் கெடுக்கிறது. பதிலாள் தேடலை நான்கு மாதம் முன்னால் தொடங்குங்கள். வருபவருக்கு அந்த நாட்டுத் தற்காலிக உரிமம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வெளியிலிருந்து நிபுணர் ஒருவர் ஒரு வாரம் வந்தால் அவரை அறுவை செய்ய மட்டும் விட்டுவிடக் கூடாது. முதல் மூன்று அவர் செய்ய, அடுத்தவற்றை உள்ளூர் ஆள் செய்ய அவர் நிற்க. முன்கூட்டி ஒப்புக்கொண்டால் நடக்கும், வந்தபின் கேட்டால் நடக்காது.

எழுதி வைப்பது

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்கு வரி: தேதி, எதைப் படித்தோம் அல்லது எதைப் பயிற்றுவித்தோம், எத்தனை நேரம், அதனால் வார்டில் என்ன மாறியது. பிரிட்டன் மதிப்பீட்டுக்குக் கடைசி அம்சம்தான் பெரிதும் உதவும். சான்றிதழ் வந்த அன்றே படமெடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று மெமரி கார்டு, ஒன்று இணையம். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் இந்த வரிசையில் வந்தால் ஐந்து ஆண்டுக்குப் பின்னும் தானே வரிசையாக நிற்கும்.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது வியாழக்கிழமைக் கூட்டத்தை நடத்துவதை விட்டுவிடுங்கள். உட்கார்ந்து கேளுங்கள். பொம்மை, உதிரி ரப்பர் வால்வுகள் நான்கு, ஹினாரி கடவுச்சொல் எழுதிய தாள், தேதியிட்ட வழிகாட்டிகளின் மூலப் பிரதி இவற்றைப் பிரசவ அறைப் பொறுப்பு நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். மருத்துவரின் அறை அலமாரியில் வைத்தால் அடுத்த மருத்துவர் வரும்வரை அது பூட்டியே கிடக்கும்.